தாலியில் இருந்த புத்தகம்: வெள்ளவத்தையில் விலைக்கு வந்த ஓர் உருவப்படம்

ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா, கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த தாய்வீட்டை விற்றுக்கொண்டிருந்தார். கட்டில், அலுமாரி, தையல் மெஷின் எல்லாம் போய்விட்டன. முன்மண்டபச் சுவரில் ஒரு பெண்ணின் ஒயில் பெயின்டிங் மட்டும் மிஞ்சியிருந்தது. இடைத்தரகர் ஒருவர் அதற்கு விற்பனைக் குறிப்பும் எழுதிக் கொடுத்திருந்தார்: "டச்சுக் காலப் பறங்கிச் சீமாட்டி. தோளில் சால்வை, கழுத்தில் தங்க லாக்கெட். ஓவியரின் கையொப்பமும் 1791 என்ற ஆண்டும் உண்டு." கேட்ட விலை 15 இலட்சம் ரூபாய். லண்டனில் ஒருவர் வாங்க ஆர்வம் காட்டியிருந்தாராம்.

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, இந்த வெடிப்புகளை மட்டும் மூடித் தரேலுமோ? வெடிப்பு இருந்தா விலை விழுமாம்."

பழைய ஓவியங்களைச் செப்பனிடுவது என் தொழில். கொழும்பில் எனக்கு வரும் படங்களில் பாதி இப்படி ஒரு கேள்வியோடுதான் வரும். மூடுவதற்கு முன் அந்த வெடிப்பு எப்படி வந்தது என்று பார்ப்பது என் வழக்கம். இந்தப் படத்தில் அந்த வழக்கம்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. குடும்பத்தின் அனுமதியோடு எழுதுகிறேன். அவர்கள் கேட்டபடி பெயர்களை விட்டிருக்கிறேன்.

முன்பக்கம்

உயரம் 76 சென்ரிமீற்றர், அகலம் 63. அங்குலத்தில் 30க்கு 25. பிரித்தானிய ஓவியக் கடைகள் உருவப்படத்துக்கென்று ஆயத்தமாக விற்ற அளவுகளில் இது மிகப் பரவலான ஒன்று. தலையும் மார்பும் ஒரு கையும் அடங்கும் அளவு. இந்த அளவைப் பார்த்ததும், கன்வஸ் கடையில் வாங்கியதாக இருக்கலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

படத்தில் இருப்பவருக்குப் பதினெட்டு, இருபது வயது இருக்கும். கழுத்துவரை மூடிய, லேஸ் வைத்த நீளக்கைச் சட்டை. தோளருகே கை பலூன் மாதிரி உப்பி, முழங்கைக்குக் கீழே ஒடுங்குகிறது. வலது தோளில் கரும்பச்சையாக ஒரு துணி. முகம் மிக வெளுப்பு. வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் இந்தப் படத்தை "வெள்ளைக்காரி" என்றுதான் சொல்லி வளர்ந்தார்களாம். அக்காவின் அம்மா போன வருடம் காலமானார். அவர் இருக்கும்போது இது யார் என்று கேட்கத் தோன்றவில்லை என்றார் அக்கா.

மேலே வார்னிஷ் தேன்நிறத்துக்குப் பழுத்திருந்தது. அதற்கு மேல் கடற்காற்றின் பிசுபிசுப்பும் காலி வீதிப் புகையும். நம் ஊர் ஈரப்பதத்தில் கன்வஸ் மழைக்காலத்தில் தளர்ந்து வெயிலில் இறுகும். வருடம் முழுவதும் அப்படி அசைந்துகொண்டே இருக்கும் துணியின் மேல் காய்ந்த வண்ணம் வெடிக்கத்தான் செய்யும். ஆனால் அப்படி வரும் வெடிப்பு வலைபோலப் பரவியிருக்கும், அல்லது துணியை இழுத்து ஆணி அறையும் உள்சட்டத்தின் விளிம்பை ஒட்டி ஓடும். இங்கே இருந்தவை அப்படி இல்லை. படத்தின் குறுக்கே, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை, வரம்பு கட்டியதுபோல நேர்க்கோடுகள். பன்னிரண்டு எண்ணினேன். அளவுகோலை வைத்துப் பார்த்தபோது கீழே இரண்டு கோடுகளுக்கு இடையே 5 சென்ரிமீற்றர், மேலே போகப் போக 6, அப்புறம் 7.

இதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் ஓரளவு பிடிபட்டது. பாயைச் சுருட்டி அதன்மேல் பாரம் வைத்தால் சுருள் தட்டையாகி, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் மடியும். உள்சுற்றுச் சிறிது, வெளிச்சுற்றுப் பெரிது. அதனால் மடிப்புகளின் இடைவெளி உள்ளிருந்து வெளியே வரவரக் கூடும். இந்தப் படத்தை யாரோ சட்டத்திலிருந்து கழற்றி, வண்ணப்பக்கம் உள்ளே இருக்கச் சுருட்டியிருக்கிறார்கள். அந்தச் சுருள் நசுங்கியிருக்கிறது. ஓவியத்தைச் சுருட்டியே ஆகவேண்டும் என்றால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே இருந்தால் வண்ணம் நெருக்குண்டு, கோடு கோடாக எழும்பி உடையும். தெரிந்தவர் செய்த வேலை இல்லை. அவசரத்தில் செய்தது.

பின்பக்கம்

படத்தைத் திருப்பியபோது, இடைத்தரகர் இந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. கன்வஸின் பின்னால், தூசிக்கு அடியில், மங்கலாக ஒரு வணிக முத்திரை: வின்சர் அண்ட் நியூட்டன் லிமிடெட். லண்டனில் 1832இல் தொடங்கிய வண்ணக் கம்பனி. பெயரோடு 'லிமிடெட்' சேர்ந்தது 1882இல். ஆகவே இந்தத் துணி அதற்கு முன்னையது ஆக முடியாது. டச்சுக்காரர் கொழும்பை ஆங்கிலேயரிடம் கொடுத்தது 1796. டச்சுக் காலம் என்ற பேச்சு அந்த ஒரு முத்திரையோடு முடிந்தது.

கன்வஸின் ஓரத்தில் இரண்டு வரிசை ஆணித்துளைகள். ஒரு வரிசையில் துருக்கறை, சில துளைகள் கிழிந்து நீண்டிருந்தன; மூலை ஒன்றில் துணியே பிய்ந்திருந்தது. மற்ற வரிசையில் பிற்கால ஆணிகள். ஆக, ஒருமுறை பிடுங்கி, பின்னர் அதே உள்சட்டத்தில் மறுபடி அறைந்திருக்கிறார்கள். வெளிப் பிரேமின் உட்பள்ளத்தில், படம் ஆடாமல் இருக்க, பத்திரிகைத் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். பழுப்பேறிய தமிழ் எழுத்துகள். ஒரு கீற்றில் தினகரன் என்ற தலைப்பின் பாதி. இலங்கைத் தினசரியான தினகரன் தொடங்கியது 1932இல். எனவே இந்தப் பிரேமுக்குள் படம் போனது அதற்குப் பிறகு. படத்துக்கு என்ன வயது என்பதை இது சொல்லாது, பிரேம் போட்ட காலத்தின் முன் எல்லையைச் சொல்லும். இந்த வேறுபாட்டை நான் அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன். பின்பக்கக் காகிதத்தைக் கண்டதும் அதையே படத்தின் பிறப்புச் சான்றிதழ் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இந்தக் கீற்றுகளைக் கிழித்தெறிந்துவிட்டுப் புது அட்டை அடித்துக் கொடுப்பதுதான் பிரேம் கடைகளில் நடப்பது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். படத்தின் வரலாற்றில் பாதி குப்பைக்கூடைக்குப் போய்விடும். விற்க நினைக்கும் எவரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: பின்பக்கத்தைத் தொடாதீர்கள்.

பெரியம்மா

அக்காவின் பெரியம்மா வெள்ளவத்தையிலேயே ஒரு பிளாட்டில் இருக்கிறார். வயது 87. படம் விற்பதை அவரிடம் சொல்லவில்லை, மனம் நோகும் என்று. நான் வற்புறுத்தித்தான் போனோம். என் போனில் இருந்த படத்தைக் காட்டி, "வெள்ளைக்காரி படத்தை யார் சுருட்டினது பெரியம்மா?" என்று அக்கா கேட்டார்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இது வெள்ளைக்காரி இல்லைப் பிள்ளை. இது என்ர அம்மம்மா. உனக்குப் பூட்டி."

அக்கா ஒன்றும் பேசவில்லை. பெரியம்மாதான் தொடர்ந்து சொன்னார்.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. தமிழருக்கு எதிரான கலவர நாள்கள். ஒழுங்கையின் முனைவரை நெருப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் மதிலுக்கு மேலால் இவர்களை எடுத்துத் தங்கள் அறையில் வைத்திருந்தது. பெரியம்மாவின் தாய் மட்டும் வர மறுத்தார். தன் அம்மாவின் படத்தை விட்டு வரமாட்டேன் என்று கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். பெரியப்பா ஸ்க்ரூட்ரைவரால் ஆணிகளை நெம்பிக் கன்வஸைப் பிடுங்கி, நிலத்தில் கிடந்த பாயோடு சேர்த்துச் சுருட்டினார். பாய்க்குள் இருந்தால் என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டு இரவுக்குப் பிறகு இரத்மலானை முகாம். அங்கிருந்து வடக்கே காங்கேசன்துறைக்குச் சரக்குக் கப்பல்.

"கப்பலில இருக்க இடமில்லைத் தம்பி. அந்தப் பாய்ச்சுருளுக்கு மேலதான் இருந்தனான்" என்றார்.

பன்னிரண்டு கோடுகள். 5 சென்ரிமீற்றர், 6, 7. என் குறிப்புப் புத்தகம் மடியில் திறந்திருந்தது. அதில் நான் எழுதியிருந்த "நசுங்கிய சுருள்" என்ற சொல்லைப் பார்க்க முடியாமல் மூடி வைத்தேன்.

வீட்டைக் கொள்ளையடித்தார்கள், ஆனால் அது எரியவில்லை. தரையில் கிடந்த பிரேமையும் உள்சட்டத்தையும் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வைத்திருந்து, குடும்பம் கொழும்புக்குத் திரும்பியபோது கொடுத்தார். தினகரன் கீற்றுகள் அப்படித்தான் தப்பின. படத்தை மறுபடி ஏற்றினார்கள். பின்னர், பிரேமின் மூலை விட்டுப்போனதால் ஓரிடத்தில் திருத்தக் கொடுத்து வாங்கினார்களாம்.

"இதில எழுதியிருக்கிற பேர், வருசம்?" என்று கேட்டேன்.

"பேர் ஒண்டும் அதில இருக்கேல்லை" என்றார் பெரியம்மா.

கையொப்பம்

வலது கீழ்மூலையில், சிவந்த பழுப்பில், வாசிக்க முடியாத ஒரு பெயரும் 1791 என்ற எண்ணும் இருந்தன. பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். 9 என்ற எண்ணின் வால் ஒரு மடிப்புக்கோட்டைக் கடந்து போகிறது. எழுத்து பழையது என்றால், வெடிப்பு வந்தபோது அதுவும் சேர்ந்து உடைந்திருக்க வேண்டும். கோட்டின் இரு கரையிலும் எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். இங்கே சிவப்பு வண்ணம் கோட்டுக்குள் வழிந்து, பள்ளத்தின் அடியில் தேங்கி, அங்கேயே காய்ந்திருந்தது. வெடித்த நிலத்தில் விட்ட தண்ணீர் மாதிரி. எழுதும்போது வெடிப்பு ஏற்கனவே இருந்திருக்கிறது.

அந்த வெடிப்புக்கு நமக்குத் திகதி தெரியும். 1983 ஜூலையின் கடைசி வாரம். 1791 என்று எழுதியவர் அதற்குப் பிறகுதான் எழுதியிருக்கிறார்.

அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் பிடித்தேன். பழைய பிசின் வார்னிஷ் பாசிபிடித்த குளம்போலப் பச்சையாக ஒளிர்ந்தது. அதன்மேல் பெயரும் ஆண்டும் கருப்பாக மிதந்தன. வார்னிஷுக்கு மேலே இருக்கிறது; பிற்காலத்தில் எழுதியது என்பதற்கு இது இரண்டாவது சாட்சி. பஞ்சுமுனையில் அல்ககோல் தொட்டு எண்ணின் ஓரத்தில் ஒருமுறை உருட்டியதும் சிவப்பு இறங்கிவிட்டது. யார் எழுதினார்கள் என்று தேடப் போகவில்லை. குடும்பமும் கேட்கவில்லை.

இந்தப் பொய் ஆண்டில் இன்னொரு வினை இருந்தது. இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம், 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன கண்டி உடன்படிக்கையின் நாள் அது. 1791 என்று எழுதிய படத்தோடு விமான நிலையத்துக்குப் போயிருந்தால், விலையைக் கூட்ட எழுதிய எண்ணே அதைச் சுங்கத்தில் நிறுத்தியிருக்கும். அதற்குப் பிந்திய படம் என்றால் பயமில்லை என்றும் இல்லை. 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துச் சட்டமும் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறது. பழைய ஓவியத்தை வெளிநாட்டுக்கு விற்பவர், பணம் கைமாறுவதற்கு முன் கொழும்பு 7இல் இருக்கும் தொல்பொருள் திணைக்களத்தில் விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

லாக்கெட்

அழுக்கை எடுக்க நான் முதலில் பயன்படுத்தியது எச்சில். கேட்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், ஆனால் உலகம் முழுவதும் ஓவியம் துடைப்பவர்கள் செய்வது அது. எச்சிலில் உள்ள நொதியங்கள் எண்ணெய்ப்பிசுக்கை மெல்லக் கரைக்கும், அடியில் உள்ள வண்ணத்தைத் தொடாது. சிறு பஞ்சுமுனை, ஒரு சதுர அங்குலம், அப்புறம் புதுப் பஞ்சு. வெங்காயம், உருளைக்கிழங்கு, மண்ணெண்ணெய் என்று வீட்டு வைத்தியம் சொல்லுவார்கள். தயவுசெய்து வேண்டாம்.

தோளில் இருந்த "சால்வை" சுத்தமானதும் அதில் சரிகைக் கரை தெரிந்தது. சேலைத் தலைப்பு. பிறகு மார்புக்கு வந்தேன். தடித்த சங்கிலியின் நுனியில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கட்டி. இதைத்தான் லாக்கெட் என்று எழுதியிருந்தார்கள். பெருவிரல் நகத்தளவு இடம்தான். அதற்கு ஒரு பின்னேரம் முழுவதும் போனது. பழுப்பு இறங்க இறங்க நடுவில் செங்குத்தாக ஒரு கோடு, கோட்டின் இருபுறமும் சற்றே வளைந்த இரண்டு பக்கங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் தூரிகை நுனியால் வைத்த மூன்று சிறு கீறல்கள். திறந்த புத்தகம்.

யாழ்ப்பாணத்தவருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. சைவர்கள் தாலிக்கு ஒரு வடிவம், கத்தோலிக்கர் தாலியில் பரிசுத்த ஆவியைக் குறிக்கும் புறா, புரட்டஸ்தாந்தர் தாலியில் வேதப் புத்தகம். டச்சுச் சீமாட்டி என்று விலை பேசிய பெண், தாலி கட்டிச் சேலை உடுத்த யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மணப்பெண். இடைத்தரகரை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். லேஸையும் வெளுத்த முகத்தையும் பார்த்துத்தான் அவர் எழுதினார். சொந்த வீட்டிலேயே அவரை வெள்ளைக்காரி என்றுதானே சொன்னோம் என்று அக்கா பலமுறை சொல்லி வருந்தினார்.

அடுத்த முறை போனபோது பெரியம்மா ஒரு போட்டோவை எடுத்து வைத்திருந்தார். தடித்த அட்டையில் ஒட்டிய பழைய ஸ்டூடியோப் படம். யாழ்ப்பாணத்து உடுவிலில் உறவினர் வீட்டில் இருந்ததால் தப்பியது. அதே பெண், அதே உப்பிய கை, அதே தாலி. அட்டையின் கீழே பிளேட் நிறுவனத்தின் பெயர். கொழும்பில் 1890இல் தொடங்கிய போட்டோ நிறுவனம் அது. அந்த மாதிரித் தோள்கை மேல்நாட்டில் கொடிகட்டிப் பறந்தது 1890களின் நடுவில். பூட்டி உடுவில் மகளிர் பாடசாலையில் படித்தவர் என்றார் பெரியம்மா. அமெரிக்க மிஷன் 1824இல் தொடங்கிய பள்ளிக்கூடம். கல்யாணம் முடிந்து கொழும்புக்கு வந்ததும் எடுத்த போட்டோவாம்.

போட்டோவை வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். முகத்துக்கு மேல் மெல்லிய பென்சில் சதுரங்கள். சிறிய படத்தைப் பெரிதாக்க ஓவியர்கள் கட்டும் கட்டம். வீட்டுக்கு வந்து கன்வஸில் வண்ணம் மெலிந்த இடங்களைக் கண்ணாடி வைத்துத் தேடினேன். காதுக்குக் கீழே, சதை நிறத்துக்கு அடியில், ஒரு பென்சில் கோடு நேராக இறங்கிப் போகிறது.

"அவ மோசம்போன பிறகு போட்டோவைப் பாத்துக் கீறினது" என்றார் பெரியம்மா. "அவ இருந்து குடுத்துக் கீறினதில்லை. கூறை சிவப்பு. அந்த மனுசன் பச்சையாக் கீறிப்போட்டான் எண்டு அம்மா சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவ."

பூட்டி இறந்தது 1930களின் நடுவில். தினகரன் கீற்றோடு ஒத்துப்போகிறது. உடுப்பு 1890களைச் சொல்கிறது, படம் அதற்கு நாற்பது வருடம் பிந்தியது. யார் வரைந்தார் என்பது குடும்ப நினைவில் இல்லை. அந்தக் காலத்துக் கொழும்பில் ஏ.சீ.ஜீ.எஸ். அமரசேகர போன்ற தேர்ந்த உருவப்பட ஓவியர்கள் இருந்தார்கள். ஆனால் இந்தக் கை அவர்கள் அளவுக்கு இல்லை. விரல்கள் மரக்கட்டைபோல இருக்கின்றன. முகத்தில் மட்டும் கவனம் இருக்கிறது. அதனால் எந்தப் பெயரையும் ஒட்ட நான் சம்மதிக்கவில்லை.

விற்றது

செய்த வேலை கொஞ்சம்தான். எழும்பிய வண்ணத்தை ஈரமும் மெல்லிய பாரமும் கொடுத்துப் படிய வைத்து ஒட்டினேன். பிய்ந்த மூலைக்குத் துணி சேர்த்தேன். பொய்க் கையொப்பத்தைப் படம் எடுத்துப் பதிவு செய்துவிட்டு அகற்றினேன். பழுத்த வார்னிஷைப் பாதியளவு மெலிதாக்கினேன். வண்ணம் உதிர்ந்த இடங்களில் மட்டும் நிறம் தொட்டேன். மடிப்புக்கோடுகளை மூடவில்லை. நான் சொல்வதற்கு முன்பே அக்கா சொல்லிவிட்டார், "அது இருக்கட்டும் தம்பி."

பூட்டி என்று தெரிந்த பிறகும் விற்பதா என்று அவர் சில நாள் தூங்கவில்லை. ரொறன்ரோவில் அவருக்கு இரண்டு அறை பிளாட். பெரியம்மாவின் சுவரில் இடமில்லை. கடைசியில் முடிவு செய்தவர் பெரியம்மாதான். "விக்கிறதெண்டா வில். பேரோட வில்."

லண்டன்காரர் புதுக் குறிப்பைப் படித்துவிட்டு விலகிக்கொண்டார். மூன்று மாதம் கழித்து, கொழும்பிலேயே பழைய வீடொன்றைத் திருத்திக் குடியேறிய இளம் தம்பதி 3 இலட்சத்துக்கு வாங்கினார்கள். கேட்ட 15க்கு இது எங்கே. ஆனால் ரசீதில் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் நான் கையெழுத்துப் போடக்கூடியதாக இருந்தது: படத்தில் இருப்பவரின் முழுப்பெயர், உடுவில், அண்ணளவாக 1930களின் நடுப்பகுதி, 1890களின் போட்டோ ஒன்றைப் பார்த்து வரைந்தது, ஓவியர் பெயர் தெரியாது, கிடைக்கோட்டு மடிப்புகள் 1983 ஜூலையில் ஏற்பட்டவை.

தினகரன் கீற்றுகளை அமிலமற்ற தாளுறையில் போட்டுப் பின்பலகையில் இணைத்திருக்கிறேன். போட்டோவின் பிரதி ஒன்றும் அதற்குள் இருக்கிறது. மூலம் பெரியம்மாவிடம். படத்தை எடுத்துப்போன அன்று, வாங்கிய தம்பதியில் அந்தப் பெண் என்னிடம் கேட்டார், இவரை வீட்டில் நாங்கள் எப்படிக் கூப்பிடுவது என்று. பெரியம்மாவின் நம்பரைக் கொடுத்தேன்.